கல்யாணப் படங்கள்: ஜேபெக் போதுமா, ரா ஃபைல் வேண்டுமா?

மடிப்பாக்கம்வாசி (வெள்ளி, இரவு 9:40)

தங்கை கல்யாணம் போன மாதம் முடிந்தது. ஸ்டுடியோக்காரர் ஒரு பென் டிரைவ் கொடுத்தார். 4,200 படங்கள், எல்லாம் ஜேபெக். ஒரு 4கே வீடியோ, எம்பி4. ரா ஃபைல் கேட்டேன், "அதெல்லாம் தருகிற வழக்கம் இல்லை மேடம்" என்று முடித்துவிட்டார். இது தவிர அப்பா அம்மாவின் வெள்ளிவிழா, 2003இல் எடுத்தது, மூன்று விசிடி இருக்கிறது. சித்தி மகன் தன் போனில் எடுத்த 300 படம் ஹெச்இஐசியாம், அப்பாவின் கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை.

எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றி முப்பது வருடம் தாங்குகிற மாதிரி வைக்க ஆசை. ஜேபெக் திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் தரம் குறையும், அதனால் மொத்தத்தையும் தரம் இழக்காமல் சேமிக்கிற பிஎன்ஜி வகைக்கு மாற்றிவிடலாம் என்கிறார் தங்கை கணவர். புது மாப்பிள்ளை, எதிர்த்துப் பேசவும் முடியாது. நீங்கள் சொல்லுங்கள்.

வடபழனி_ஸ்டுடியோ (9:58)

22 வருடமாக இதே தொழில். முதலில் மாப்பிள்ளையை நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றிய பாலை வெள்ளிச் செம்புக்கு மாற்றினால் கெட்டிப்படுமா? ஜேபெக்கில் போன விவரம் பிஎன்ஜியில் திரும்பி வராது, இடம்தான் நான்கு மடங்கு அடைக்கும்.

அடுத்து ரா. அது படமே இல்லை மேடம், கேமராவின் சென்சார் பதிந்த எண்கள். அது மாவு, நான் தருவது இட்லி. கேட்டரிங்காரரிடம் போய் மாவைக் கொடு என்று கேட்பீர்களா? 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா சுமார் 25 எம்பி வரும், 4,200க்கு 100 ஜிபி தாண்டிவிடும். அதுவும் ஒவ்வொரு கம்பெனிக்கு ஒரு வகை. புது கேமரா வாங்கிய வருடம் அதன் ராவை என் பழைய மென்பொருள் திறக்கவே மாட்டேன் என்றது. தொழில்காரன் எனக்கே இந்தக் கதி.

ஜேபெக்கைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில்கூடத் திறக்கலாம். 1992இல் வந்தது, இன்னும் ஓடுகிறது. போதும்.

பழஞ்சுவடி (10:25)

பிஎன்ஜி விஷயத்தில் ஸ்டுடியோ சார் சொல்வது சரி. மாவு விஷயத்தில் இல்லை. மாவை ஒரு தடவை ஊற்றினால் தீர்ந்தது. ராவிலிருந்து எத்தனை தடவை வேண்டுமானாலும் படம் எடுக்கலாம், பாத்திரம் குறையாது.

நான் ஒரு நூலகத்தில் பழைய புத்தகங்களும் புகைப்படங்களும் ஸ்கேன் செய்கிற வேலையில் இருக்கிறேன். ரா 14 பிட்டில் பதிந்தால் ஒரு புள்ளிக்கு 16,384 ஒளி நிலைகள். ஜேபெக்கில் 256. காலை முகூர்த்தம், ஒரு பக்கம் வீடியோகாரரின் விளக்கு, ஒரு பக்கம் ஹோமப் புகை. வெள்ளை வேட்டி வெளுத்துப்போய் மடிப்பே தெரியாமல் நிற்கும் படங்களை எல்லோருமே பார்த்திருப்போம். ராவில் அந்த மடிப்பை மீட்க இடம் இருக்கும். ஜேபெக்கில் அது அநேகமாகப் போனது போனதுதான்.

புடவைக்கு வருகிறேன், அங்கேதான் என் கோபமே. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பிடிக்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு பிடிக்காது. இதை நம்பித்தான் ஜேபெக் பிழைக்கிறது. நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்குவது சாதாரண வழக்கம். அப்புறம் 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நுணுக்கத்தைக் கழிக்கும். முகத்தில் ஒன்றும் தெரியாது. அரக்கு நிறத்தில் சன்னமாக ஜரிகைக் கட்டம் போட்ட காஞ்சிபுரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சிவப்பு கரை தாண்டி வழிந்திருக்கும். புடவைக்கு அவ்வளவு செலவழித்துவிட்டு!

எங்கள் இடத்தில் மூலப் பிரதி டிஃப் என்கிற பட வகைதான். 24 மெகாபிக்சல் படம் சுருக்காமல் வைத்தால் 72 எம்பி. ஒரு பிட் கெட்டால் ஒரு புள்ளி கெடும், அவ்வளவுதான். ஜேபெக்கில் ஒரு பிட் கெட்டு, கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறமாகிப் போன படத்தைப் பார்த்ததே இல்லையா நீங்கள்?

வடபழனி_ஸ்டுடியோ (10:41)

பார்த்திருக்கிறேன். மெமரி கார்டு கெட்டால் ராவும்தான் போகும். நூலகத்துக்கு நூலகக் கணக்கு. 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் ஜரிகை வழிந்தது என்று இதுவரை ஒரு மாமி என்னிடம் சொன்னதில்லை. மூக்கு ஏன் இப்படி இருக்கிறது என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட் (11:30)

ஷிப்டில் இருக்கிறேன், இப்போதுதான் பார்த்தேன். ஜேபெக்கைத் திறந்து மூடினால் தரம் குறையாது. திருத்தி மறுபடி சேமித்தால்தான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கழியும். மாப்பிள்ளையிடம் நாசூக்காகச் சொல்லிவிடுங்கள்.

அண்ணன்மார் இரண்டு பேரும் பழங்காலத்திலேயே நிற்கிறீர்கள். ஹெச்இஐசி ஏறத்தாழ பாதி இடத்தில் அதே தரம் தரும். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் அதில்தான் எடுக்கின்றன. 10 பிட் தாங்கும், அதாவது 1,024 ஒளி நிலைகள். உள்ளே இருப்பது ஹெச்.265 வீடியோவின் சுருக்கும் முறை, அதாவது வீடியோவின் ஒரு ஃபிரேமைப் படமாக வைத்த மாதிரி. அதற்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு, விண்டோசில் தனியாக ஒரு நீட்சி போடச் சொல்வது அதனால்தான். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் ஏவிஐஎஃப் என்கிற பட வகை வந்தது, கட்டணம் கிடையாது.

இன்னொன்று, ஜேபெக் எக்ஸ்எல். இருக்கிற ஜேபெக்கை ஒரு பிட்கூட இழக்காமல் சுமார் 20 சதவீதம் சின்னதாக்கும், வேண்டும்போது பழைய ஜேபெக்கை அச்சு அசலாகத் திருப்பித் தரும். மாப்பிள்ளை ஏதாவது மாற்றியே தீருவேன் என்றால் இதைக் காட்டுங்கள்.

பர்மாபஜார்_2001 (11:52)

தம்பி, அந்த எக்ஸ்எல்லைத் திறக்கிற வசதியை குரோம் உலாவி 2023 தொடக்கத்தில் நீக்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே வருடம் ஆப்பிளின் சஃபாரி உலாவி அதைச் சேர்த்துக்கொண்டது. ஒரு வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், அடுத்த வீட்டில் தட்டு மாற்றிவிட்டார்கள். இதை நம்பியா முப்பது வருடக் கல்யாணப் படத்தை வைப்பது? 2000இல் ஜேபெக் 2000 என்று ஒன்று வந்தது. எல்லா விதத்திலும் மேல் என்றார்கள். இணையத்தில் அது எடுபடவே இல்லை. தியேட்டருக்குப் போகிற டிசிபி என்கிற டிஜிட்டல் சினிமாத் தொகுப்பில் மட்டும் நன்றாக வாழ்கிறது, அதில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு ஜேபெக் 2000 படம்.

காப்புரிமை என்றதும் ஞாபகம் வருகிறது. 1987இல் காம்புசர்வ் என்ற அமெரிக்க கம்பெனி ஜிஃப் பட வகையைக் கொண்டுவந்தது, உலகமே எடுத்துக்கொண்டது. உள்ளே இருந்த எல்இசட்டபிள்யூ என்ற சுருக்கும் முறைக்கு யுனிசிஸ் என்ற கம்பெனியிடம் காப்புரிமை இருந்தது. 1994 கடைசியில் ஜிஃப் எழுதுகிற மென்பொருளுக்குக் கட்டணம் என்றார்கள். கடுப்பான நிரலாளர்கள் உட்கார்ந்து எழுதியதுதான் மாப்பிள்ளையின் பிஎன்ஜி, 1996.

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட் (சனி, 12:10)

கதை நன்றாகத்தான் இருக்கிறது சார். ஆனால் யாரும் புதிதாக முயற்சி செய்யாமல் இருந்திருந்தால் ஜேபெக்கும் வந்திருக்காது. அதன் அடியில் இருக்கிற டிசிடி என்ற சுருக்கும் கணக்கை 1974இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். அகமது பெங்களூரில் பிறந்தவர். 1972இல் இந்த யோசனைக்கு அமெரிக்க அரசின் அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார், கொடுக்கவில்லை. அன்றைக்கும் உங்களைப் போல யாரோ "இருக்கிறதே போதும்" என்றிருப்பார்கள்.

பர்மாபஜார்_2001 (12:24)

அது சரி. நல்ல அடி.

விசிடியை யாரும் தொடவில்லையே, அதற்குத்தான் வந்தேன். அம்மா, உங்கள் வீட்டில் முதலில் சாகப்போவது அந்த மூன்று தட்டுகள். ஜேபெக்கா ராவா என்ற சண்டை அடுத்த மாதமும் இருக்கும், தட்டு இருக்குமா தெரியாது. மேலே லேபிள் பக்கம் கீறினாலே படம் போய்விடும், தகவல் இருக்கிற பூச்சு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்றைக்கே செய்யுங்கள். உள்ளே எம்பிஇஜிஏவி என்ற ஃபோல்டரில் டிஏடி கோப்பு இருக்கும், கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். விஎல்சி பிளேயரில் அப்படியே ஓடும். ஓடாவிட்டால் பெயரின் கடைசியில் எம்பிஜி என்று மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் ஓடும், ஏனென்றால் உள்ளே இருப்பது எம்பெக்1 என்கிற சாதாரண வீடியோ வகைதான்.

352க்கு 288 புள்ளி, அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. "4கே ஆக்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மடிப்பாக்கம்வாசி (காலை 7:15)

பெயரை மாற்றினால் வகை மாறிவிடுமா? அப்படியென்றால் ஹெச்இஐசியையும் ஜேபிஜி என்று பெயர் மாற்றிவிட...

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட் (7:20)

ஐயோ அக்கா, வேண்டாம். அவர் சொன்னதில் உள்ளே இருந்தது ஏற்கெனவே எம்பெக், சில பிளேயர்கள் பெயரைப் பார்த்து ஏமாறும், அவ்வளவுதான். எம்பி4, எம்ஓவி, எம்கேவி என்கிற வீடியோ கோப்பு வகைகள் எல்லாம் டிபன் கேரியர் (இந்த உவமையை எல்லோரும் சொல்கிறார்கள், தெரியும்). ஒரு அடுக்கில் வீடியோ, ஒன்றில் ஒலி, ஒன்றில் சப்டைட்டில். கேரியரை மாற்றினால் சாம்பார் மாறாது. உங்கள் 4கே வீடியோ எம்பி4 என்றீர்கள், உள்ளே ஹெச்.264ஆ ஹெச்.265ஆ என்று பாருங்கள். பழைய டிவியில் ஓடாவிட்டால் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

சித்தி மகன் போன் ஐபோன்தானே? அமைப்பில் கேமரா, ஃபார்மேட்ஸ் போய் "மோஸ்ட் கம்பேட்டிபிள்" வைத்தால் இனிமேல் எடுப்பது ஜேபெக்கில் விழும். எடுத்துவிட்ட 300ஐ அப்படியே வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு மட்டும் ஜேபெக் நகல் எடுத்துக் கொடுங்கள். வாட்ஸாப்பில் வாங்குவதாக இருந்தால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும்.

வடபழனி_ஸ்டுடியோ (9:05)

2015 டிசம்பர் வெள்ளத்தில் என் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். ரா வைத்திருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க் போனது, நெகட்டிவ் கவர்கள் எண் எழுதியபடியே ஊறிப் போயின. யாருக்கு என்ன மிஞ்சியது தெரியுமா? பத்து சொந்தக்காரர்களுக்கு பென் டிரைவில் கொடுத்த ஜேபெக். சின்னதாக இருந்ததால்தான் பத்துப் பேர் வைத்திருந்தார்கள். பழஞ்சுவடி சாரின் 72 எம்பியை எந்தச் சித்தப்பா வைத்துக்கொள்வார்?

பழஞ்சுவடி (9:31)

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது சார். ஆனால் உங்கள் கதை பத்துப் பிரதி எடு என்கிறது, ராவைத் தூக்கிப் போடு என்று சொல்லவில்லை. 4,200க்கும் கேட்க வேண்டாம். தாலி கட்டுவது, ஊஞ்சல், தாத்தா பாட்டியோடு நிற்பது என்று ஐம்பது படத்துக்கு மட்டும் ரா கொடுங்கள், ஒன்றேகால் ஜிபிதான். கம்பெனி வகை பயம் என்றால் டிஎன்ஜி என்கிற பொதுவான ரா வகையாக மாற்றிக் கொடுக்கலாம். 2004இல் அடோபி வெளியிட்டது, விவரக்குறிப்பு எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

வடபழனி_ஸ்டுடியோ (9:40)

ஐம்பது என்றால் யோசிக்கலாம். திருத்தாத முகத்தை இன்ஸ்டாவில் போட்டு என் பெயரைக் கெடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்.

மடிப்பாக்கம்வாசி (மாலை 6:50)

எங்கள் ஸ்டுடியோக்காரரிடம் ஐம்பது என்று கேட்டேன், "திங்கட்கிழமை சொல்கிறேன்" என்றார். மாப்பிள்ளை நேற்றே 600 படத்தை பிஎன்ஜி ஆக்கியிருக்கிறார். 5 ஜிபி இருந்தது 20 ஜிபியைத் தாண்டி, லேப்டாப்பில் இடம் தீர்ந்து தானாகவே நின்றுவிட்டது. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விசிடி இரண்டு வந்துவிட்டது. மூன்றாவது 41வது நிமிடத்தில் நிற்கிறது. பாட்டி பாடுகிற இடம். அதற்கப்புறம் அவர் குரல் வேறு எதிலும் இல்லை.

பர்மாபஜார்_2001 (6:58)

இனி அந்தத் தட்டைச் சுற்ற விடாதீர்கள். துணியால் தேய்க்கவும் வேண்டாம். என்னிடம் பழைய டிவிடி ரைட்டர் இரண்டு இருக்கிறது, ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கும். நாளைக் காலை பத்து மணிக்கு ரிச்சி தெருவில் இருப்பேன், கவரில் போட்டு எடுத்து வாருங்கள்.