தமிழில் பேசும் மனநல ஆலோசகர் தெரியுமா? (கொழிஞ்சாம்பாறை பக்கம்)

ஊர் கொழிஞ்சாம்பாறை, கேரளத்தில் பாலக்காடு மாவட்டம்; வீட்டில் தமிழ்தான். பாலக்காட்டில் பிஎஸ்சி இரண்டாம் ஆண்டு. நவம்பரிலிருந்து விடியற்காலை 3 மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. தேர்வு அறையில் கை சில்லிட்டு, படித்ததெல்லாம் மறந்துபோகிறது.

மலையாளம் பேசும் கல்லூரி ஆலோசகரிடம் 5 முறை போனேன். நல்ல மனுஷி, அவசரப்படுத்தவே மாட்டார். சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) முறைப்படி நோட்டில் மூன்று கட்டம் போட்டு என்ன நடந்தது, என்ன நினைத்தேன், மனசு எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார். மலையாளத்தில் எழுதினால் மூன்றாவது கட்டம் காலியாகவே நிற்கிறது. 'வெறிச்சுனு இருக்கு' என்றால் 'சங்கடமா?' என்கிறார். மலையாளத்தில் அது துக்கம். எனக்கு இருப்பது துக்கம் இல்லை.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-க்கும் கூப்பிட்டேன். தமிழில் பேசினார்கள், அன்று தூங்கினேன். ஆனால் ஒரே ஆளிடம் தொடர்ந்து பேச வேண்டும்.

பாலக்காடு, பொள்ளாச்சி, கோவையில் சனிக்கிழமை தமிழில் சிபிடி பார்க்கும், மாணவருக்குக் கட்டுப்படியாகும் உளவியலாளர் யாராவது தெரியுமா?