தேசிக்காய் பெட்டிக் கணக்கு: புதுப்பிப்பு

போன மாதம் எழுதியிருந்தேன்: ஒட்டுசுட்டானிலிருந்து தேசிக்காயை (எலுமிச்சை) சாக்கில் கட்டி வவுனியாவுக்கு அனுப்பினால் அடியில் கிடப்பது நசுங்குகிறது, தரகும் ஏற்றுக்கூலியும் போகக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று. பெட்டிக்கு மாறச் சொன்னீர்கள். சரி, மாறிவிட்டோம்.

நசுங்கல் நின்றது. ஆனால் வெறும் பெட்டி திரும்பி வரவும் வாகனக்கூலி கேட்கிறார்கள். அதை நான் யோசிக்கவேயில்லை. பெட்டி வாங்குகிறவர்கள், வெறுமையாக இருக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதாகப் பாருங்கள்.

அப்புறம், பறிக்கும் நேரம். விடியப் பனி ஈரத்தோடு பறித்தால் தோலிலுள்ள எண்ணெய்ப்பைகள் உடைந்து, அந்த எண்ணெயே தோலைச் சுட்டு மண்ணிறப் புள்ளி விழுகிறது. இப்போது வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு, கத்தரிக்கோலால் காம்பைச் சற்று விட்டு வெட்டுகிறோம். அம்மா ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்குகிறார். அவருடைய கூலியையும் இந்த முறை கொப்பியில் எழுதியிருக்கிறேன்.