மறு: ‘வெற்றிடக் கசிவு’ வேண்டாம், ‘காற்றிழுப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களை வீட்டு வாசலிலேயே பழுது பார்ப்பதற்கு நாம் தொகுக்கும் கையேட்டில், உறிஞ்சு குழாய்களுக்குள் வெளிக்காற்று புகுந்துவிடும் கோளாறுக்கு (ஆங்கிலத்தில் ‘வாக்கம் லீக்’) ‘வெற்றிடக் கசிவு’ என்று போட்டிருக்கிறோமே, அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. குழுவில் ஒருவர் எழுதியதை மறுபடி ஒட்டுகிறேன்:

> கையேட்டைப் படித்துவிட்டு என் மைத்துனர் காருக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தார். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு சொட்டுகூட இல்லை. அப்ப கசிவே இல்லைன்னு முடிவு பண்ணிட்டார்.

அவர் மேல் தப்பே இல்லை. கசிவு என்றால் நம் ஊரில் எவரும் கீழேதான் குனிந்து பார்ப்பார்கள். பானை கசியும், தொட்டி கசியும், எல்லாமே உள்ளே இருப்பது வெளியே வருவது. இங்கே நடப்பது நேர் தலைகீழ்: வெளியே இருக்கும் காற்று உள்ளே போகிறது.

அந்த வண்டியை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாம் பேசுவது மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ123 வரிசையில் வந்த 240டி, 1976 முதல் 1985 வரை வந்த டீசல் வண்டி. பெட்ரோல் இன்ஜினில் காற்று வரும் வழியை ஒரு த்ராட்டில் தகடு மூடித் திறப்பதால் இன்டேக் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த்தொகுதி) தானாகவே உறிஞ்சல் கிடைத்துவிடும். இந்த டீசலில் அப்படி இல்லை, அதனால் இன்ஜினோடு சேர்ந்து ஓட ஒரு தனிப் பம்பு, ஒர்க்‌ஷாப்பில் ‘வாக்கம் பம்பு’ என்பார்கள். அது இழுக்கிற இழுப்பில்தான் பிரேக் மிதியை மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டர், கதவுப் பூட்டுகள், டிக்கிப் பூட்டு, டீசல் மூடிப் பூட்டு எல்லாம் வேலை செய்கின்றன. இதைவிட வேடிக்கை, இன்ஜினை நிறுத்துவதும் அதுதான். சாவியைத் திருப்பினால் அந்த இழுப்பு, இன்ஜினுக்கு டீசல் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் பம்பில் உள்ள ஒரு சின்னக் கிண்ணத்துக்குப் போய் டீசலை நிறுத்தும். குழாயில் எங்காவது காற்று புகுந்துவிட்டால் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாலும் வண்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பானெட்டைத் திறந்து ‘ஸ்டாப்’ என்று எழுதியிருக்கும் நெம்புகோலை அமுக்கித்தான் அணைக்க வேண்டும். பின் கதவில் ஒரு ரப்பர் சவ்வு கிழிந்ததால் முன்பக்கம் இன்ஜின் அணையாது என்றால் புதிதாக வாங்கியவர் நம்பவே மாட்டார். (சவ்வு என்றே எழுதுவோம், டயாபிரமுக்கு ‘உதரவிதானம்’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார், கார் கதவுக்குள் உதரம் எங்கிருந்து வரும்?)

சரி, சொல்லுக்கு வருகிறேன். முதலில் ‘வெற்றிடம்’. நல்ல நிலையில் உள்ள பம்பு இன்ஜின் சும்மா ஓடும்போதே மானியில் பாதரச அளவில் 20 அங்குலத்துக்கு மேல் காட்ட வேண்டும். முழு வெற்றிடம் என்றால் ஏறக்குறைய 30 அங்குலம். அதாவது 20 காட்டும்போது அந்தக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு காற்று இன்னும் இருக்கிறது. அதைப் போய் வெற்றிடம் என்பதா? பள்ளிப் பாடநூலுக்கு வெற்றிடம் சரி, இந்தக் குழாய்க்கு ஒட்டாது.

அதற்குப் பதிலாகத் தமிழாசிரியர் ஐயா ‘குறையழுத்தம்’ என்றார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது ஐயா, ஆனால் காரில் ஆயில் அழுத்தம் குறைவது ஒரு கோளாறு, டயரில் காற்று குறைவது இன்னொரு கோளாறு. இந்தக் குழாயிலோ அழுத்தம் குறைவாக இருந்தால்தான் வண்டி நன்றாக இருக்கிறது என்று பொருள். மூன்றையும் ஒரே சொல்லில் போட்டால் படிப்பவர் திண்டாடுவார். ‘உறிஞ்சழுத்தம்’ என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. இயற்பியல்காரர்கள் அழுத்தம் உறிஞ்சாது என்று சண்டைக்கு வரக்கூடும், வரட்டும்.

அடுத்து கசிவு. இதற்குப் புதிதாக ஒன்றும் படைக்க வேண்டியதில்லை. சோழவந்தான் பக்கமோ மேலூர் பக்கமோ கிணற்றுப் பம்புசெட் வைத்திருப்பவரிடம் கேளுங்கள். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால் அவர் சொல்வது ‘காத்து இழுக்குது’. உறிஞ்சு குழாயின் இணைப்பில் எங்கோ காற்று உள்ளே போகிறது என்று பொருள். ஓடும்போது அந்த இடத்தில் ஒரு சொட்டும் வெளியே வராது என்பதும் அவருக்குத் தெரியும், அதனால் ஈரத்தைத் தேடாமல் இணைப்பின் மேல் களிமண்ணை அப்பி, சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றிப் பார்ப்பார். நம் பென்ஸில் நடப்பதும் அட்சரம் பிசகாமல் அதேதான். அதனால் ‘காற்றிழுப்பு’. ‘காற்று வாங்குது’ என்றும் சிலர் சொல்வதுண்டு, ஆனால் தெப்பக்குளத்துப் படியில் சாயங்காலம் உட்காருவதற்கும் அதே பெயர் என்பதால் அது வேண்டாம்.

இதற்கு வந்த மறுப்புகள் இரண்டு.

> வீடு ஒழுகுகிறது என்கிறோமே, மழை வெளியிலிருந்து உள்ளேதானே வருகிறது? கசிவும் அப்படி இருந்துவிட்டுப் போகட்டுமே.

நல்ல கேள்வி அண்ணே. ஆனால் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும், தரை நனையும், வாளி வைக்கலாம். கசிவு, ஒழுக்கு இரண்டுமே ஈரத்தோடு பழகிய சொற்கள். இங்கே காட்டிக்கொடுக்க ஈரமே கிடையாது, சில நேரம் ‘உஸ்’ என்ற சத்தம் மட்டும்தான்.

இன்னொருவர் ‘இழுப்பு’ என்றால் எங்கள் பக்கம் மூச்சுத்திணறல் என்றார். எங்கள் பக்கமும் அதேதான். முன்னால் ‘காற்று’ வந்து, கையேட்டின் தலைப்பும் கார் என்று இருக்கையில் எவரும் வைத்தியரைத் தேடிப் போகமாட்டார்கள்.

சொல் பிழைக்குமா என்பது வாக்கியத்தில் வைத்தால்தான் தெரியும், அதனால் அந்தப் பக்கத்தை இப்படித் திருத்தி எழுதிப் பார்த்தேன்:

“சாவியைத் திருப்பியும் இன்ஜின் அணையாவிட்டால் முதலில் கதவுப் பூட்டுக்குப் போகும் கிளைக் குழாயைக் கழற்றி, பிரதான குழாய்ப் பக்கத்து வாயை அடைத்துவிடுங்கள். இப்போது இன்ஜின் ஒழுங்காக அணைந்தால் காற்றிழுப்பு கதவுக் கிளையில் இருக்கிறது. மானி பொருத்திய கைப்பம்பை ஒவ்வொரு கதவுக்கும் போகும் குழாயில் மாட்டி உறிஞ்சழுத்தம் கொடுங்கள். முள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், இறங்கினால் அந்தக் கதவில்தான் கோளாறு. கதவின் உள்பலகையைக் கழற்றுமுன் ரப்பர் முழங்கை இணைப்புகளைப் பாருங்கள், வெயிலில் நின்ற வண்டிகளில் அவை விறைத்து வெடித்திருக்கும், விரலால் வளைத்தாலே விரிசல் வாய் திறக்கும். பிரேக் மிதி கல்லாக இறுகியிருந்தால் இந்தச் சோதனையெல்லாம் பிறகு. பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயிலோ பம்பிலோ கோளாறு இருக்கலாம், அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.”

‘கசிவு’ இருந்த இடத்தில் எல்லாம் ‘காற்றிழுப்பு’ போட்டுப் படித்தால் எனக்கு எங்கும் தடுக்கவில்லை. குறிப்பாக ‘காற்றிழுப்பு கதவுக் கிளையில் இருக்கிறது’ என்பதைப் படித்தால் அந்த மைத்துனரும் அட்டையை விரிக்காமல் கதவுப் பக்கம்தான் போவார். பெட்ரோல் வண்டிகளில் மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியே காற்று புகுந்து ஐடிலிங் தடுமாறுகிறதே, அதற்கும் இதே சொல் அப்படியே பொருந்தும்.

தீராமல் நிற்பது ஒன்று. பம்பு நின்ற பிறகும் கதவுகள் சில தடவை பூட்டித் திறக்க டிக்கிப் பக்கம் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. அதிலுள்ள உறிஞ்சழுத்தம் திரும்பிப் போகாமல் காக்கும் வால்வுக்கு ‘ஒருவழி வால்வு’ என்று எழுதியிருக்கிறோம். பம்புசெட் கடையில் அதை ‘என்ஆர்வி’ (நான்-ரிட்டர்ன் வால்வு) என்று கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். உதிரி வாங்கப் போகிறவர் கடையில் போய் என்ன கேட்க வேண்டும் என்பதையும் கையேடு சொல்ல வேண்டாமா? இரண்டையும் போடலாமா, ஒன்று போதுமா என்று சொல்லுங்கள். தமிழாசிரியர் ஐயா முதலில் எழுதினால் நல்லது.