ஊரில் விட்டுவந்த பெட்டிக்குள் இருக்கும் சேவ்

ஊரிலிருந்து கனடாவுக்குப் புதிதாக வந்த பெடியள் வங்கிக் கணக்கு, பஸ் காட், வீட்டு வாடகை எல்லாம் கேட்டு முடித்த பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு கடைசியில் ஒன்று கேட்பார்கள். "அண்ணை, ஊரில என்ர பிளேஸ்டேசன் பழுதாப் போச்சு. அதுக்குள்ள இருக்கிற சேவை எடுக்கலாமோ?" பிளேஸ்டேசன் என்பது ரிவியில் கொழுவி விளையாடும் கேம் பெட்டி. சேவ் என்பது விளையாட்டில் நாங்கள் செய்துவைத்ததை அந்தப் பெட்டி பதிந்துவைப்பது. போன மாதம் மட்டும் இரண்டு பேர். ஒருவர் முள்ளியவளை, மற்றவர் வவுனியா. ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக் களைத்துவிட்டேன், அதனால் ஒரேயடியாக எழுதிவைக்கிறேன். நீளம்தான். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாருங்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2009க்கு முந்திய ஒரு படம்கூட வீட்டில் இல்லாத குடும்பங்கள் வன்னியில் எத்தனை. ஆல்பம் போட்ட பை எந்த இடப்பெயர்வில் விடுபட்டது என்று எங்கள் அம்மா இன்றைக்கும் கதைப்பா. பழசு எதையும் பத்திரப்படுத்தும் புத்தி எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது. வந்தது கேம் சேவில் வந்தாலும் வரட்டுமே.

என் விசயம் இதுதான். பரந்தனில் எங்கள் வீட்டில் ஒரு பிஎஸ் 4, அதாவது நாலாவது பிளேஸ்டேசன், இருந்தது. நானும் தம்பியும் ஒரு கிரிக்கெட் கேமில் எங்கள் விளையாட்டுக் கழகத்தையே உருவாக்கி வைத்திருந்தோம். பதினாறு பெடியள், ஒவ்வொருவருக்கும் முகம், ஜேர்சி நிறம், பந்து போடும் விதம். இடக்கைச் சுழல் போடும் ஒருவனுக்கு ஓடிவருமுன் தோளைக் குலுக்கும் பழக்கம். அதற்குக் கிட்டவாக ஒரு அசைவைத் தேடிப் பிடிக்க எங்களுக்கு ஒரு இரவு போனது. இன்றைக்கு அந்தப் பதினாறு பேரில் ஊரில் இருப்பது நாலு பேர். மற்றவர்கள் பாரிஸ், லண்டன், சூரிச், இங்கே ஸ்காபரோ. கழகம் முழுதாக ஒரே இடத்தில் நிற்பது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

நான் 2019இல் வெளிக்கிட்டேன். பெட்டி தம்பியோடு நின்றது. ஒரு கார்த்திகை மழை நாளில் தம்பி அழைத்தான். "அண்ணை, லைட் பத்துது, படம் வரேல்லை."

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் பிழை விடுகிறார்கள். படம் வரவில்லை என்றதும் பெட்டியே செத்துவிட்டது என்று நினைத்து, கடையில் கொடுத்து, "ஃபோர்மட் அடிச்சுத் தாங்கோ" என்கிறார்கள். முதலில் லைட்டைப் பாருங்கள். பிஎஸ் 4 சரியாக எழும்பினால் நீலம் துடித்து வெள்ளையாக நிற்கும். வெள்ளையில் நின்று படம் மட்டும் இல்லையென்றால் பெட்டி பெரும்பாலும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பழுது வயரிலோ, ரிவியிலோ, ரிவி வயரைக் கொழுவும் எச்டிஎம்ஐ வாயிலோ. நீலத்திலேயே நின்று துடித்தால் பிரச்சினை கொஞ்சம் ஆழம்.

தம்பியை வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். போன் ரோச்சைப் பிடித்தான். முதலில் தெரிந்தது ஒரு பல்லி முட்டை ஓடு. அதை ஊதித் தள்ளிய பிறகு எச்டிஎம்ஐ வாய் தெரிந்தது. உள்ளே இருக்கும் சின்ன நாக்கு ஒரு பக்கம் சரிந்து, இரண்டு கம்பி மடிந்து கிடந்தது. "வயரை ஆரும் இழுத்தவையோ?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு, அக்காவின் மகன் பெட்டிக்குப் பின்னால் பந்து எடுக்கப் போனது, அவனுடைய கால் தடக்கியது எல்லாம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. மழையிலும் இடியிலும் ஒரு பிழையும் இல்லை.

சரி, இப்போது முக்கியமான விசயம்.

சேவ் பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. மடிக்கணினியில் வரும் அதே இரண்டரை அங்குல டிஸ்க்தான். அதன் மேல் இருக்கும் மூடியைத் திறந்தால் ஒன்றிரண்டு திருகாணியில் கழன்றுவிடும். அதைக் கழற்றிக் கணினியில் கொழுவினால் எடுத்துவிடலாம் என்று கேட்பவர்கள் அதிகம். முடியாது. டிஸ்க்கில் உள்ளது எல்லாம் பூட்டித்தான் எழுதப்படுகிறது. திறப்பு அந்தப் பெட்டியின் போர்டில், அதாவது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில், இருக்கிறது. கணினிக்கு அது வெறும் குப்பை. இன்னொரு பிஎஸ் 4இல் போட்டாலோ இன்னும் மோசம்: அது டிஸ்க்கை அடையாளம் காணாமல், புதிதாக அமைக்கவா என்று கேட்கும். ஓம் என்று அழுத்தினால் கதை முடிந்தது.

ஆகவே டிஸ்க்கும் அதே போர்டும் சோடியாக இருந்தால்தான் சேவ் உயிரோடு வரும். பெட்டியைப் புதிது போலத் திருத்தத் தேவையில்லை. பத்து நிமிடம் படம் காட்டி எழும்பினால் போதும், சேவைப் பென் டிரைவில் எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு பெட்டி எக்கேடு கெட்டாலும் கவலையில்லை.

கடையில் கொடுப்பதற்கு முதல் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். எச்டிஎம்ஐ வாயை மாற்றுவது சூடான காற்றாலும் ஈயத்தாலும் செய்கிற வேலை. அதற்கு டிஸ்க் தேவையே இல்லை. டிஸ்க் இல்லாமல் போட்டாலும் பெட்டி எழும்பி, டிஸ்க்கைக் காணவில்லை என்று திரையில் எழுத்துக் காட்டும். படம் வருகிறதா என்று சோதிக்க அந்த எழுத்துப் போதும். நாங்கள் முதலில் கொடுத்த கடையில் டிஸ்க்கோடு கொடுத்தோம். அந்தப் பெடியன் நல்ல மனத்தோடுதான், "எல்லாம் அழிச்சுப் புதுசா ஏத்திவிட்டா ஸ்பீடா இருக்கும்" என்றான். தம்பி பாய்ந்து தடுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டாவது கடைக்கு டிஸ்க் இல்லாமல் போனது. இரண்டு நாளில் வாய் மாற்றித் தந்தார்கள்.

படம் வருகிறது, ஆனால் பெட்டி ஒழுங்காக எழும்பவில்லை என்றால் சேஃப் மோட், அதாவது பழுது பார்க்கும் பட்டியலோடு மட்டும் எழும்பும் முறை. பவர் பொத்தானை ஒரு பீப் கேட்டும் விடாமல் அழுத்தி, ஏழு செக்கன் அளவில் இரண்டாவது பீப் கேட்டதும் விடவேண்டும். கொன்ட்ரோலரை வயரால் கொழுவுங்கள். வரும் பட்டியலில் ஐந்தாவது, ரீபில்ட் டேட்டாபேஸ், டிஸ்க்கில் என்ன எங்கே என்ற அட்டவணையை மட்டும் புதிதாக எழுதும், சேவைத் தொடாது. கரண்ட் வெட்டில் அணைந்து குழம்பிய பெட்டிகள் பல அதிலேயே சரிவரும். 2022இல் ஊரில் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் கரண்ட் போன காலத்தில் எத்தனை பெட்டி இப்படிக் குழம்பியிருக்கும். ஆறாவதும் ஏழாவதும் இனிஷியலைஸ், எல்லாவற்றையும் அழித்துவிடும். இரண்டுக்கும் கிட்டப் போகவேண்டாம். ஊரில் ஆங்கிலம் தடக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு "ஆறையும் ஏழையும் தொடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் வீடியோ அழைப்பைத் தொடங்குவேன்.

டிஸ்க்கே கிளிக் கிளிக் என்று சத்தம் போட்டால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். அந்த டிஸ்க்கை அப்படியே, ஒரு துண்டும் விடாமல், அதே அளவு அல்லது பெரிய டிஸ்க்குக்குக் குளோன் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். குளோனை அதே பெட்டியில் போட்டால் வேலை செய்யும், ஏனென்றால் பூட்டும் திறப்பும் மாறவில்லை.

எழும்பியதும் முதல் வேலை சேவ் எடுப்பது. "ஒரு மட்ச் அடிச்சுப் பாக்கிறன் அண்ணை" என்று தம்பி கேட்டான். விடவில்லை. பென் டிரைவ் எக்ஸ்ஃபாட் அல்லது ஃபாட் 32 முறையில் ஃபோர்மட் செய்ததாக இருக்கவேண்டும். செட்டிங்ஸுக்குள் அப்ளிகேசன் சேவ்ட் டேட்டா மனேஜ்மென்ட், அதில் சிஸ்டம் ஸ்டோரேஜ், பிறகு யூஎஸ்பிக்குக் கொப்பி. எந்த யூசரில் நிற்கிறீர்களோ அந்த யூசருடைய சேவ் மட்டும்தான் போகும். வீட்டில் மூன்று பேர் விளையாடினால் மூன்று பேரும் தனித்தனியே செய்யவேண்டும். பென் டிரைவுக்குள் பிஎஸ் 4 என்று ஒரு ஃபோல்டர் வரும். அதை அப்படியே ஒரே கோப்பாகச் சுருக்கி (ஸிப்) கூகுள் டிரைவில் போட்டால் கடல் தாண்டி வந்துவிடும். எங்களுடையது சில எம்பிதான். ஒரு கழகம் முழுக்க, ஒரு சின்ன வீடியோ அளவுகூட இல்லை.

வந்து சேர்ந்தாலும் கண்டவரெல்லாம் அதைத் திறக்க முடியாது. சேவ் பிஎஸ்என் கணக்கோடு, அதாவது பிளேஸ்டேசனின் இணையக் கணக்கோடு, கட்டப்பட்டது. அதே கணக்கில் உள்ளே போனால்தான் புதுப் பெட்டி ஏற்றுக்கொள்ளும். புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நான் கணக்கைத் திறந்தது ஊர் மின்னஞ்சலில், ஊர் நம்பரில். ஸ்காபரோவில் இருந்து உள்ளே போகப் பார்த்தால், ஆறு இலக்கக் குறியீடு பரந்தனில் இருக்கும் சிம்முக்குப் போகிறது. என் அதிர்ஷ்டம், அம்மா அந்தச் சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டு, சொந்தக்காரர் அந்த நம்பருக்குத்தான் எடுப்பார்கள் என்று மாதாமாதம் ரீலோட் செய்துகொண்டிருந்தா. "அம்மா, மெசேஜ் ஒண்டு வந்திருக்கும், அதில இருக்கிற இலக்கத்தை வாசியுங்கோ." கண்ணாடியைத் தேடினா. கண்ணாடி கிடைத்ததும் மெசேஜ் எங்கே என்று தேடினா. பிறகு நாலு இலக்கம் வாசித்து, "மிச்சம் கீழ போயிட்டுது" என்றா. அந்தக் குறியீடு காலாவதி. இரண்டாவது முறை தம்பியைப் பக்கத்தில் இருத்தித்தான் முடிந்தது. எல்லோருக்கும் இப்படி ஒரு அம்மா சிம்மைக் காத்து வைத்திருப்பா என்று சொல்லமுடியாது. ரீலோட் இல்லாத சிம் காலப்போக்கில் செத்துவிடும்.

அடுத்த மாதம் பயணம் என்று இருப்பவர்களுக்கு: விமானத்துக்கு முதல் நாள் இதைச் செய்துவிட்டு வாருங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பை நம்பரில் இருந்து ஒதென்ரிக்கேற்றர் அப்புக்கு (சிம் இல்லாமல் போனிலேயே குறியீடு காட்டும் அப்) மாற்றுங்கள். பத்து பேக்கப் குறியீடு தருவார்கள். அதைக் கொப்பியில் எழுதிப் பாஸ்போட்டோடு வையுங்கள். கணக்குத் திறக்கும்போது என்ன பிறந்த திகதி கொடுத்தீர்கள் என்று பாருங்கள். பதினாலு வயதில் திறந்தவன் பதினெட்டு என்று பொய் சொல்லியிருப்பான். கணக்கு மீட்கப் போனால் அந்தப் பொய்த் திகதியைத்தான் கேட்பார்கள். நாட்டையும் பாருங்கள். நாங்கள் திறந்த நேரம் பட்டியலில் இலங்கை இருக்கவில்லை, அதனால் ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் அமெரிக்கா என்று கண்டபடி கொடுத்தோம். பிறகு மாற்றமுடியாது. கனடா வங்கிக் காட்டை அதில் போட்டால் எடுக்காது. ஆனால் சேவுக்காக அந்தப் பழைய கணக்கு வேண்டும், அழித்துவிடாதீர்கள்.

மற்றப் பெட்டிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிஎஸ் 2 என்றால் கவலையே இல்லை, சேவ் எட்டு எம்பி மெமரிக் காட்டில் இருக்கிறது, காட்டைக் கழற்றி வேறு பெட்டியில் குத்தினால் சரி. மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து விளையாடிய கடைகளுக்கு நாங்கள் காட்டைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போவோம். பிஎஸ்பி (கையடக்கப் பிளேஸ்டேசன்) சேவ் மெமரி ஸ்டிக்கில், கணினியில் கொப்பி பண்ணலாம். எக்ஸ்பொக்ஸ் வன்னும் அதற்குப் பின் வந்தவையும் இணையத்தில் இருந்தால் சேவை இலவசமாகவே மேகத்துக்கு (இணையச் சேமிப்புக்கு) அனுப்பிவிடும். கணக்குத் தெரிந்தால் போதும். நின்ரெண்டோ சுவிட்ச் சேவ் உள் நினைவகத்தில்தான், மைக்ரோ எஸ்டி காட்டில் இல்லை. காட்டை மட்டும் எடுத்துவந்து ஏமாறவேண்டாம். பிஎஸ் 5தான் கஞ்சன்: அதன் சொந்தக் கேம் சேவைப் பென் டிரைவுக்கு எடுக்க விடாது, பிளேஸ்டேசன் பிளஸ் சந்தா கட்டி மேகத்தில் வைக்கவேண்டும். பிஎஸ் 4 கேமின் சேவ் என்றால் பிஎஸ் 5இலும் யூஎஸ்பியில் ஏற்றலாம், இறக்கலாம்.

பெட்டியையே கொண்டுவரலாமா என்றும் கேட்கிறார்கள். ஊரில் 230 வோல்ட், கனடாவில் 120. பின்னால் 100-240 என்று எழுதியிருந்தால் வயரை மட்டும் இங்கே மாற்றினால் போதும். இல்லையென்றால் கொண்டுவராதீர்கள். என்னைக் கேட்டால் எதற்கும் கொண்டுவரவேண்டாம், அந்த நிறைக்கு அம்மா வேறு ஏதாவது கட்டித் தருவா.

ஆனால் கேம் சீடியை விட்டுவிட்டு வராதீர்கள். நான் விட்ட பிழை அதுதான். கணக்கும் சரி, சேவும் வந்துவிட்டது, இங்கே கடையில் அதே கேமை வாங்கிப் போட்டேன். புதுசாகத் தொடங்கவா என்று கேட்கிறது. சேவ் பெட்டியில் இருக்கிறது, கேமின் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரே கேம் என்றாலும் ஐரோப்பா, ஆசியா, அமெரிக்கப் பதிப்புகளுக்கு வெவ்வேறு அடையாள இலக்கம். ஒன்றின் சேவை மற்றது பெரும்பாலும் எடுக்காது. கேம் சீடி எந்த நாட்டுப் பெட்டியிலும் ஓடும், சேவ்தான் பதிப்பைப் பார்க்கும். நாங்கள் கொழும்பில் வாங்கியது வேறு பதிப்பு.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா கனடாவுக்கு விசிட்டில் வெளிக்கிட்டா. தம்பி கேமைப் பழைய துவாயில் சுற்றி, மிளகாய்த்தூள் பொதிக்கும் ஒடியல் பைக்கும் நடுவில் வைத்துவிட்டான். விமான நிலையத்தில் மிளகாய்த்தூளைப் பற்றி மூன்று கேள்வி கேட்டார்களாம். துவாயை ஒருவரும் அவிழ்க்கவில்லை.

அன்றிரவே போட்டேன். பதினாறு பேரும் நின்றார்கள். ஒரு மட்ச் இருபத்திரண்டாவது ஓவரில் அப்படியே நிறுத்திவைத்திருந்தது, தம்பி நாற்பத்தொன்று, ஆட்டமிழக்கவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். பாரிஸில் இருந்து முதல் பதில், தோளைக் குலுக்குகிறவன்: "என்னை ஏன்டா இன்னும் பதினொராவதா வச்சிருக்கிறியள்?"