குளத்துக்கு மேலே கல்குவாரி: கூட்டுக் கள ஆய்வில் எதைப் பார்ப்பது?

குளக்கட்டு, வவுனியா வடக்கு:

எங்கள் குளத்தின் நீரேந்து பகுதியில் ஒரு கருங்கல் குவாரியும் கிரஷரும் இருக்கின்றன. அடுத்த கிழமை கூட்டுக் கள ஆய்வு நடக்கிறது. சுற்றாடல் அதிகாரசபை, சுரங்கப் பணியகம், பிரதேச செயலகம் மூன்றிலுமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கமக்காரர் அமைப்பிலிருந்து இரண்டு பேர் கூடப் போகலாம். கையில் இருப்பது நிலக்கரிச் சுரங்கத்துக்கான ஒரு சரிபார்ப்புப் பட்டியல்தான். அமில நீர், மீதேன், குவியல் தானாகத் தீப்பற்றுதல் என்று போகிறது. இதில் எது எங்களுக்குப் பொருந்தும்? கருவி ஒன்றும் இல்லை, நேரமும் அரை நாள்தான். குவாரியிலிருந்து தண்ணீர் வெளியே வரும் வாய்க்காலும் இப்போது காய்ந்து கிடக்கிறது.

கருங்கல்:

அந்தப் பட்டியலில் பாதியை வெட்டிவிடுங்கள். நிலக்கரியோடு பைரைட் என்ற இரும்புச் சல்பைட்டு கலந்திருக்கும். காற்றும் தண்ணீரும் பட்டால் அது கந்தக அமிலத்தைத் தரும், ஓடை செம்மஞ்சளாக மாறும். வவுனியாவின் அடியில் கிடப்பது புவியியலாளர்கள் வன்னித் தொகுதி என்று சொல்லும் மிகப் பழைய உருமாறிய பாறை. அதிலுள்ள நைஸ் என்ற வரிவரியான கல்லில் அமில வடிகால் பொதுவாகப் பெரிய பிரச்சினை இல்லை. மீதேன், தீப்பற்றல் இரண்டையும் விட்டுவிடலாம். எல்லை, தண்ணீர், தூசு, வெடி இந்த நான்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் கடதாசி. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டப்படி அகழ்வு அனுமதிப்பத்திரம் ஒன்று, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டப்படி சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இன்னொன்று. முதல் பக்கத்தைக் காட்டி முடித்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது பின்னால் இணைத்திருக்கும் நிபந்தனைப் பக்கங்கள். பிரதேச செயலகச் சுற்றாடல் உத்தியோகத்தரிடம் இப்போதே கேளுங்கள். தகவல் அறியும் சட்டத்தில் பதில் தர 14 வேலைநாள் வரை இருக்கிறது, அடுத்த கிழமைக்கு அது உதவாது. ஆனாலும் வெடிப் பதிவேட்டுக்கு விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள்.

எல்லையில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: அனுமதிப்பத்திரத்தில் மூலைப் புள்ளிகள் தேசிய அளவைக் கட்டம் என்ற வரைபட முறையில் மீற்றராக எழுதப்பட்டிருந்தால் கிழக்கு, வடக்கு இரண்டுமே ஆறு இலக்க எண்களாக இருக்கும். கைத்தொலைபேசி காட்டுவது பாகை. மாற்றாமல் ஒப்பிட முடியாது. மாற்றும்போது அந்தக் கட்டத்துக்குரிய அளவைத் தளத்தை (datum) தெரிவுசெய்யாவிட்டால் இடத்தை வெகுவாகத் தள்ளிக் காட்டும். ஆய்வுக்கு முதல்நாளே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் எப்படியும் ஐந்து மீற்றர் முன்பின் இருக்கும், ஆகவே இரண்டு மீற்றர் மீறலுக்குச் சண்டை பிடிக்க வேண்டாம். எல்லைக்கல் தேடிப் பற்றைக்குள் இறங்குவதென்றால், அந்தத் துண்டு மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டு மட்டும் இறங்குங்கள்.

அலைகரை:

வாய்க்கால் காய்ந்திருப்பது ஒருவகையில் நல்லது. மண்ணைப் படிக்கலாம். குவாரியின் வண்டல் தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் தொடங்கி, குளத்து அலைகரை வரை நடந்து போங்கள். ஒரு மண்வெட்டி வேண்டும். தண்ணீர் வேகம் குறையும் வளைவுகளில் ஒரு அடி ஆழத்துக்கு நேராக வெட்டிப் பக்கச் சுவரைப் பாருங்கள். பழுப்பு மண்ணுக்கும் சருகுக்கும் இடையில் சாம்பல் நிறப் படைகள் ஓடினால் கல்தூள் இறங்கியிருக்கிறது. கொஞ்சத்தை நனைத்து விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். களிமண் வழுக்கி விரல் ரேகையில் ஒட்டிக்கொள்ளும். கல்தூள் நறநறவென்றிருக்கும், ஒருமுறை அலம்பினால் போய்விடும். அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள், எந்த இடம் என்றும் குறியுங்கள். ஆய்வுக்கு முதல்நாள் எதைக் கூட்டித் துடைத்தாலும் இந்தப் படை அங்கேயே இருக்கும்.

தொட்டியில் ஒரு கம்பை இறக்கி அடிச்சேறு எவ்வளவு என்று பாருங்கள். ஆழத்தில் பாதி சேறென்றால் மழைத் தண்ணீர் தங்கித் தெளிய நேரமில்லை, நேரே வழிந்துவிடும். ஒக்டோபர் மழைக்கு முன் அள்ள வேண்டும். அள்ளிய சேற்றை வாய்க்கால் கரையிலேயே கொட்டினால் முதல் மழையோடு குளத்துக்குத்தான் வரும். எங்கே கொட்டுவது என்பதையும் எழுதுவியுங்கள்.

உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீருக்கு வரம்பு: கலங்கி நிற்கும் திண்மம் லீற்றருக்கு 50 மில்லிகிராம், பிஎச் 6.0 முதல் 8.5 வரை. முதல் பெருமழையில் வெளியேறும் வாயில் மாதிரி எடுக்கவேண்டும் என்று அறிக்கையில் திகதியோடு கேளுங்கள். தொட்டி நடுவில் அள்ளிய தெளிந்த தண்ணீர் எதையும் சொல்லாது. வெடிமருந்தில் அமோனியம் நைத்திரேற்று இருப்பதால் அமோனியாவையும் நைத்திரேற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டீசல் தாங்கியைச் சுற்றிய தடுப்புச் சுவர் அந்தத் தாங்கியின் கொள்ளளவில் 110 வீதத்தையாவது பிடிப்பது நல்ல நடைமுறை. 5,000 லீற்றர் தாங்கிக்கு 5,500. உள்ளளவை நாடாவால் அளந்து பெருக்கினால் போதும்.

சோளகம்:

தூசைப் பற்றி. ஆய்வு நாளில் காலையிலேயே தண்ணீர் பவுசர் ஓடி பாதை நனைந்திருக்கும். அதை நம்பாதீர்கள். 600 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம் என்றால் 3,600 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் வைத்தாலும் ஒரு நடைக்கு 3,600 லீற்றர் வேண்டும். சோளகக் (தென்மேற்குக்) காற்றிலும் வெயிலிலும் அது கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை நடை, பதிவு எங்கே என்று கேளுங்கள். பாதையோரப் பாலை, வீரை மரங்களின் இலைகளையும் பாருங்கள். தூசு தடித்துச் சிறு மழையில் பொருக்காக இறுகியிருந்தால் அது நேற்று வந்த தூசு இல்லை.

கிரஷரை வெறுமையாக ஓட்டிக் காட்டினால் ஏற்காதீர்கள். கல் போட்டு ஓடச் சொல்லுங்கள். கல் விழும் வாய், சல்லடை, கல்லைக் கொண்டுபோகும் பட்டியின் முனை மூன்றிலும் தண்ணீர் தெளிகருவி ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று எண்ணுங்கள். குழித் தண்ணீரை வடிகட்டாமல் பாவிப்பதால் துளை அடைத்துக்கொள்வதே பெரும்பாலும் கோளாறு. பிரதேச சபை எல்லைக்குள் சத்தம் பகலில் 55 டெசிபல், மாலை 6 மணிக்குப் பிறகு 45. இது 1996ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, குவாரியின் எல்லையில் நின்று அளக்க வேண்டும்.

குளக்கட்டு:

எல்லோருக்கும் நன்றி. அன்றைக்குச் சின்ன வெடியாக வைத்துக் காட்டினால் என்ன செய்வது? அதிர்வு குறைவாகத்தானே வரும்?

கருங்கல்:

வரும். அதனால் மருந்தின் அளவோடு சேர்த்துத்தான் அதிர்வுமானி காட்டும் எண்ணைப் படிக்க வேண்டும். ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்தின் கிலோ எடைக்கு வர்க்கமூலம் எடுத்து, வீட்டுக்கு உள்ள தூரத்தை மீற்றரில் அதால் வகுங்கள். 300 மீற்றரில் 25 கிலோ என்றால் 60. அதே வீட்டுக்கு 100 கிலோ என்றால் 30. இந்த எண் பாதியானால் அதிர்வு ஏறத்தாழ மூன்று மடங்காகும், இடத்துக்கிடம் கொஞ்சம் மாறும். வழக்கமாக எவ்வளவு மருந்து என்பது வெடிப் பதிவேட்டில் இருக்கும். ஆய்வு நாள் வெடி அதில் கால்பங்கு என்றால், அன்றைய அளவீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு கிலோ எண்களையும் எழுதச் சொல்லுங்கள். அதிர்வுமானியின் உணரி தளர்ந்த மண்ணில் சும்மா வைக்கப்பட்டிருந்தால் எண்ணே பிழை. முளை அடித்து இறுக்க வேண்டும், அல்லது புதைக்க வேண்டும்.

அறிக்கையில் "திருப்திகரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். அளவு, இடம், நேரம் மூன்றும் வந்தபிறகு போடுங்கள், பிரதி ஒன்றை அங்கேயே வாங்கிவிடுங்கள்.