500 ரூபாய்க்கு ரசீது கேட்ட மகளுக்கு என்ன பதில் சொல்வது?

திருமங்கலத்துத் தந்தை:
எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், எங்கள் கண்மாயின் வரத்துக் கால்வாயில் குப்பை கொட்டுவதைப் பற்றித் தானே மனு எழுதி, ஒரு திங்கட்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு போய்க் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தவள். அங்கே கொடுத்த ஒப்புகைச் சீட்டைப் பாடநூலுக்குள் மடங்காமல் வைத்திருந்தாள்.

தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வுக்காக அவளுக்கு வருமானச் சான்றிதழ் தேவைப்பட்டது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். மூன்று வாரம் ஆகியும் வரவில்லை. கடைசி நாள் நெருங்கியபோது, "நேரில் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார் ஒருவர். ரேஷன் அட்டை நகலுக்குள் 500 ரூபாய்த் தாளை வைத்து நீட்டினேன். மறுநாளே சான்றிதழ் கிடைத்தது. திரும்பி வரும்போது பேருந்தில், "60 ரூபாய்க்கு ரசீது கொடுத்தார்களே அப்பா, 500 ரூபாய்க்கு ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குடியரசு நாள் பேச்சுப் போட்டியிலிருந்து இப்போது பெயரை எடுத்துவிட்டாள். "ஊர் உலகம் அப்படித்தான்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேலூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்:
ஐயா, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தும்பைப்பட்டிக்கு அழைத்து வாருங்கள். அங்கே பிறந்த கக்கன், 1957 முதல் 1967 வரை பத்தாண்டுகள் அமைச்சராக இருந்து, பொதுப்பணி, உள்துறை போன்ற பெரிய துறைகளைக் கையில் வைத்திருந்தவர். பிற்காலத்தில் நோயுற்று மதுரை அரசு மருத்துவமனையின் சாதாரணப் பிரிவில் கிடந்தபோதுதான் முதல்வர் எம்.ஜி.ஆர். அவரைக் கண்டார். அதிகாரம் தொட்டவர்கள் எல்லோரும் கறைபட்டுத்தான் போவார்கள் என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடக் கூடாது.

மதுரை, வழக்கறிஞர் அலுவலகப் பணியாளர்:
ஆசிரியர் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் குழந்தை பார்த்தது அமைச்சரை அல்ல, தன் அப்பாவை. 1988 ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018 இல் செய்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. கேட்டவுடனேயே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போயிருந்தால், ரசாயனப் பொடி தடவிய தாள்களைத் தந்து, வாங்கியவரின் விரல்களைக் கரைசலில் நனைத்து, அது இளஞ்சிவப்பாக மாறுவதைச் சாட்சிகளுக்குக் காட்டியிருப்பார்கள். அந்த வழி இருந்ததையும், பயந்துகொண்டு நீங்கள் அதில் போகவில்லை என்பதையும் மறைக்காமல் அவளிடம் சொல்லுங்கள். கக்கனைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

உசிலம்பட்டி அக்கா:
தம்பி, எங்கள் பக்கத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 முதல் பத்தாண்டு ஊராட்சித் தேர்தல் முறையாக நடக்க முடியாமல் கிடந்தது. தேர்தலை அறிவித்து அறிவித்து, மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் பேசி 2006 இல்தான் நடத்தி முடித்தது. அதையும் செய்தது அரசாங்கம்தான். சான்றிதழுக்குக் கை நீட்டியவரையே முழு அரசாங்கமாக அவள் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

திருமங்கலத்துத் தந்தை:
அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு, பயந்துதான் கொடுத்தேன், அது தவறு என்று அவளிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தச் சான்றிதழில் நான் தேர்வு எழுதலாமா?" என்று கேட்டாள். வருமானம் உண்மையாகவே அவ்வளவுதான், அதில் பொய் எதுவும் இல்லை என்றேன்.

இன்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனு தயாரித்திருக்கிறோம். வருமானச் சான்றிதழ் விண்ணப்பத்தை எத்தனை நாளில் முடிக்க வேண்டும், எங்களுடையது எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்ற இரண்டு கேள்விகளையும் அவளே எழுதினாள், கையெழுத்து என்னுடையது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி அனுப்பினோம். பதில் தர அவர்களுக்கு 30 நாட்கள் இருக்கின்றன. பேச்சுப் போட்டிக்கு இன்னும் சம்மதிக்கவில்லை; அஞ்சலக ரசீதை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.