நன்றிக் குறிப்பேடு எழுதுவதால் உண்மையில் பயன் உண்டா?

கேள்வி (திண்ணைவாசி):
அனைவருக்கும் வணக்கம். பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவை ஒன்றரை ஆண்டுகளாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். மனச்சோர்வு கூடிக்கொண்டே போனதால், நன்றி பாராட்டத்தக்க ஐந்து விஷயங்களைத் தினமும் இரவில் எழுதிவைக்குமாறு தோழி ஒருவர் கூறினார். முதல் இரண்டு வாரங்கள் மனம் இலேசானது உண்மை. நான்கு மாதங்களான நிலையிலோ, "உடல்நலம், வீடு, சாப்பாடு" என்று அதே சொற்களைத் தூக்கக் கலக்கத்தில் கிறுக்கிவிட்டு நோட்டை மூடிவிடுகிறேன். இதைத் தொடர்வதில் பயன் உண்டா, அல்லது நான் எழுதும் முறையில்தான் பிழையா?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
பயன் உண்டு, ஆனால் தினமும் எழுதவேண்டிய கட்டாயமில்லை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றை எழுதிய மாணவர்கள், தங்களுக்கு எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களைவிட வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். நரம்புத்தசை நோயுள்ளவர்கள் 21 நாட்கள் தினமும் எழுதியபோது நன்றாகத் தூங்கியதாகவும் தெரிவித்தார்கள். ஆனால் உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவினரின் ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குக் கிடைத்த பலன் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. கடமையாகிப்போன எதிலும் மனம் ஒட்டாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதிப் பாருங்கள். ஒன்றை எழுதினாலும் அது ஏன் நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பதில் (வாசற்கோலம்):
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். திருக்குறளின் 11-ஆம் அதிகாரத்துக்குப் பெயர் செய்ந்நன்றியறிதல். அங்கே நன்றி என்பது நாம் வாயால் சொல்லும் சொல் அன்று, பிறர் நமக்குச் செய்த நன்மை. அதை அறிவதுதான் நம் வேலை. உங்கள் பட்டியலில் நன்மை இருக்கிறது, செய்தவர் இல்லை.

என் கணவர் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த நாட்களில், கீழ்வீட்டு அக்கா எங்கள் பால் பாக்கெட்டையும் எடுத்துக் காய்ச்சி, ஃபிளாஸ்கில் ஊற்றி, வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார். அழைப்புமணியை ஒருநாளும் அடித்ததில்லை. இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு அப்போதுதான் நாங்கள் கண்ணயர்ந்திருப்போம் என்று அவர் கணித்திருந்தார் என்பது, அதை உட்கார்ந்து எழுதிய அன்றுதான் எனக்கு உறைத்தது. இப்போது போய்ச் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று தயங்கித் தயங்கி, மூன்று ஆண்டுகள் கழித்துச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. நேரில் சொல்லுங்கள், அல்லது இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்.

பதில் (நீரோடை):
நானும் மாமியாரை ஆறு ஆண்டுகள் பராமரித்தவள் என்பதால் இதைச் சொல்கிறேன். "இந்த மட்டுமாவது இருக்கிறாரே என்று நன்றியோடு இரு" என்பது பல வீடுகளில் பராமரிப்பவரின் வாயை அடைக்கும் சொல்லாகிவிடுகிறது. நன்றியும் களைப்பும் ஒரே மனத்தில் இருக்கலாம். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க வேண்டியதில்லை. உடன்பிறந்தவர்கள் இருந்தால் வாரத்தில் ஒரு நாளையாவது அவர்கள் பொறுப்பில் விடுங்கள். சோர்வு நீங்காமல் தூக்கமும் பசியும் கெட்டால், குறிப்பேட்டை நம்பியிராமல் மருத்துவரைப் பாருங்கள்.

திண்ணைவாசி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துக்கொள்ளத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறான். நேற்றிரவு ஒன்றே ஒன்று எழுதினேன். படுக்கை விரிப்பை மாற்றுவதற்காக அம்மாவைப் புரட்டியபோது, அவர் தம் இடக்கையால் கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு, உடலின் பாரம் என்மேல் விழாமல் தாங்கிக்கொண்டார். முதல்நாள் தம்பியிடம் தொலைபேசியில் எனக்கு முதுகுவலி என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். காலையில் கஞ்சி கொடுக்கும்போது அவரிடம் இதைச் சொன்னேன். பேச்சு வராது, கம்பியை இன்னொரு முறை பிடித்துக் காட்டினார்.